தலைசுற்றலும் ஒரு முழ மரக்கட்டையும்

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், நானும் சுகம். கடைசி இரண்டு சொற்களை வழக்கமான மரியாதை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஏழு மாதம் கழித்து இப்போதுதான் எழுத வாய்த்திருக்கிறது. நானும் சுகம். ஆகவே வெள்ளிக்கிழமை ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். என்னைப் பார்த்துக்கொள்ள இரண்டு வாரம் லீவு போட்டிருக்கிறீர்களாம். பார்த்துக்கொள்ள இங்கே ஒன்றும் மிச்சமில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டுப் போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. இதில் வரும் சில விஷயங்களை அவர் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வராது.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரமே எனக்கு அது வந்தது. சரியாகப் பிற்பகல் மூன்று மணிக்குத் தலைவலி, நான்கு மணிக்கு நெஞ்சு படபடப்பு, ஐந்து மணிக்கு நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா முப்பது வருடமாகச் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், ஒருநாள் தலைவலி என்று படுத்ததில்லை. "உக்காந்த இடத்துல என்னம்மா நோவு வரும்?" என்று முதல் வாரம் கேட்டார். இரண்டாவது வாரம் பயந்துவிட்டார். மூன்றாவது வாரம் ஒரு நீல ஃபைல் வாங்கினார். அப்பா ஃபைல் வாங்கியபோதே இது சாதாரண விஷயமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மொத்தம் ஏழு டாக்டர். ஒவ்வொரு அறையிலும் நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசிவிடுவார், எடுத்த எடுப்பில் ஒரே வாக்கியம்: "டாக்டர், பொண்ணு பட்டதாரி." ஒரு டாக்டர், "சரி, அதுக்கு நான் என்ன மருந்து குடுக்கிறது?" என்றே கேட்டுவிட்டார். தெருமுனை டாக்டர் வாயு என்றார். கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார்; அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் எழுத்து ஒரே மாதிரிதான் தெரிகிறது, ஆனால் அலுவலகத்தில் என்னைக் கொஞ்சம் மதிக்கிறார்கள், அதனால் போட்டுக்கொள்கிறேன். காது டாக்டர் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டு, "தலை சுத்துதா?" என்று கேட்டார். சுற்றிவிட்டால் சுற்றாதா சித்தி? இதய டாக்டர் அழகான இதயம் என்றார், அம்மா அதை எதிர்வீடு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். நரம்பு டாக்டர் என் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒண்ணுமே இல்லை" என்று சந்தோஷமாகச் சொன்னார், அப்பா முகம் விழுந்துவிட்டது. மனநல டாக்டர் மட்டும் என்னைப் பார்த்து மெதுவாக, "உனக்கு ஏதாவது கவலை இருக்காம்மா?" என்றார். அவர் கேட்டது என்னை. பதில் சொன்னது அப்பா: "அவளுக்கென்ன டாக்டர் கவலை? ஃபேனுக்குக் கீழ நாற்காலி!"

எங்கே போனாலும் நோய் மட்டும் அகப்படவில்லை. காரணம் இப்போது புரிகிறது. டாக்டரிடம் போவதென்றால் லீவு போட்டுவிட்டுத்தான் போவோம். லீவு நாளில் எனக்கு நோயே வராது. தலை நிமிர்ந்து, கன்னம் பளபளக்கப் போய் உட்கார்ந்தால் அவர்கள்தான் எதைக் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் லீவு போனது போனதுதான். ஆறு மாதம் முடிந்ததும் வேலையை நிரந்தரம் செய்திருக்க வேண்டிய மேலாளர், இரண்டு மாதம் தள்ளிவைத்துவிட்டார். "என்ன நோய்னு எழுதி வாங்கிட்டு வாம்மா, இல்லேன்னா நோயே இல்லேன்னு எழுதி வாங்கிட்டு வா. ரெண்டுல ஒண்ணு இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு நாற்காலி போய்விடும். அப்பா அன்றிலிருந்து சாப்பிடும்போதும் ஃபைலை மடியில் வைத்திருந்தார்.

ஏழாவது டாக்டரிடம் போன வாரம் போனோம். லீவு இல்லாததால் முதன்முறையாக வேலை முடிந்து நேராகப் போனேன். பரிசோதனைக்கூடத்து அக்கா ஒரு சின்னப் பாட்டிலைக் கையில் கொடுத்து, சிறுநீர் பிடித்துவரக் கழிப்பறைக்கு அனுப்பினாள். அந்த வாசலோடு அப்பா நின்றுவிட்டார். பெண்கள் மட்டும் போகும் இடம். இருபது நிமிடம் கழித்து காலிப் பாட்டிலோடு வெளியே வந்து நின்றேன். அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்ச?"

"அரை டம்ளர்."

"தினமுமா?"

"ஆபீஸ் நாள்ல மட்டும்."

"ஏன்டி?"

சித்தி, ஏழு மாதத்தில் என்னிடம் நேராகக் கேட்கப்பட்டு, நானே பதில் சொன்ன முதல் கேள்வி அது. சொல்லிவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறைச் சாவி மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தொலைந்துபோகக் கூடாதென்று அதை ஒரு முழ நீள மரக்கட்டையில் கட்டி, கட்டையில் சிவப்பு மையால் 'பெண்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கி, பதினான்கு மேசைகளைத் தாண்டி, கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மற்றவர்கள் விசிறி மாதிரி வீசிக்கொண்டு போகிறார்கள். எனக்குத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சுலபமாகத் தோன்றியது. அதுபோக, முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா சொல்லியிருந்தார்: "நாற்காலிய விட்டு எழுந்திரிக்காதம்மா. கிடங்குல வரிசைய விட்டு ஒருத்தன் நகந்தா, அன்னிக்கு மூட்டை அடுத்தவனுக்கு." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, டாக்டரிடம் போய் அப்பா எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் நீல ஃபைலை எடைபோடுவதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். "தண்ணி குடிக்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் அப்பா வழியில் ஒரு கடையில் நின்று, அங்கே இருந்ததிலேயே பெரிய தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி என் கையில் கொடுத்தார். "எழுந்திரிக்காதேன்னு சொன்னது நான்தானேம்மா" என்றார். நான் பாட்டிலைத் திறந்து குடித்தேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலாளர் முன் போய் நின்றேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "எடுத்துக்கோம்மா, இதுக்கெல்லாமா கேப்பாங்க?" என்றார். இதற்காகவா என் தலையைப் படமெடுத்தார்கள்! கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், பதினான்கு மேசையில் ஒருவரும் நிமிரவில்லை. மூன்று மணி வந்தது, போனது, தலைவலி வரவில்லை. ஒரு வாரம் ஆகிறது. டாக்டர் 'நோய் எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார், மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார், வேலை நிரந்தரம். நேற்று வீட்டுக்கு வரும் வழியில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தங்கைக்கு முத்தம். உங்கள் ஆசிகள் எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
நோயில்லாத உங்கள் மகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மேலாளர் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார், நல்ல மனுஷன், அக்கறையில்தான். "உங்க பொண்ணு முன்னெல்லாம் அசையாம உக்காந்திருக்கும். இப்போ அரை மணிக்கு ஒரு தடவை சாவி எடுக்குது. சுகர் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றாராம். "அதத்தான் எவனும் பார்க்கல!" என்று அப்பா துள்ளி எழுந்து, பரணில் போட்ட நீல ஃபைலை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை எட்டாவது டாக்டர். ஆகவே டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம், வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். இந்த முறை டாக்டரிடம் நான்தான் பேசப்போகிறேன். அப்பாவை வெளியே பெஞ்சில் பிடித்து உட்காரவைக்கத்தான் ஒரு ஆள் வேண்டும்.