ரோஸ் புடவை கட்டிய பிரிசைடிங் ஆபீசர்

ஒரே ஒரு நாளைக்கு மட்டும் அதிகாரம் கிடைத்த ஆளிடம் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு அதிகாரம் கிடைத்தவருக்குத் தப்புகளை நிதானமாகச் செய்ய நேரம் இருக்கிறது. ஒரு நாள் அதிகாரி எல்லாவற்றையும் சாயங்காலத்துக்குள் செய்து முடித்தாக வேண்டும். நான் முடித்தேன்.

அப்போது நான் போர்ட் பிளேரில் பிரைமரி ஸ்கூல் டீச்சர். (இப்போதும் அதேதான். இடையில் ஒரு நாள் மட்டும் அரசாங்கமாக இருந்தேன்.) பார்லிமென்ட் எலெக்‌ஷன் வந்தது. பெண்களின் வாக்குரிமையைக் கொண்டாடுவதற்காகச் சில இடங்களில் பெண்களே நடத்தும் வாக்குச்சாவடி வைக்கிறார்கள், அதில் ஒன்றுக்கு நீதான் தலைமை அதிகாரி, அதாவது பிரிசைடிங் ஆபீசர் என்று ஆர்டர் வந்தது. இடம், லாங் ஐலண்டுக்கும் அந்தப் பக்கம் ஒரு சின்னத் தீவு. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த முறையும் எனக்கு அங்கேதான் டியூட்டி விழும்.

ஆர்டரைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்தார். வாட்டர் டேங்க் நிரம்பி வழிந்தால் மோட்டரை அணைக்கத் தெரியாதவள் தேர்தல் நடத்தப் போகிறாள் என்றார். நான் அவரோடு பேசாமல் கையேட்டை எடுத்து மனப்பாடம் செய்தேன். பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய பழக்கம், ஒரு வரி விடவில்லை.

பெண்கள் பூத் என்பதால் எல்லாமே ரோஸ் கலரில் இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். எங்களுக்கு ரோஸ் கலர் நைலான் புடவை கொடுத்தார்கள். ரோஸ் பலூன், ரோஸ் துணிப் பந்தல், வாசலில் செல்ஃபி எடுப்பதற்கென்று பூ வைத்த ஒரு சட்டம். ஓட்டு மெஷினுக்கு ஒரு பை என்றால் பலூனுக்கு மூன்று பை. கப்பலில் லாங் ஐலண்ட் வரை போய், அங்கிருந்து டிங்கி என்கிற சின்ன மோட்டார் படகில் ஏறினோம். தீவில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனாலும் என் வயிறு மட்டும் இன்னும் தாத்தா விட்டு வந்த ராமநாதபுரத்துத் தரையிலேயே இருக்கிறது. கரை வந்து சேர்வதற்குள் ஜனநாயகத்தின் இந்தப் பிரதிநிதி படகின் இரண்டு பக்கமும் வாந்தி எடுத்து முடித்திருந்தாள். என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மித்தாலி தீதி (அக்கா என்று அர்த்தம்). பெங்காலி, ஹெல்த் டிபார்ட்மென்டில் நர்ஸ், எனக்கு அடுத்த நிலையில் போலிங் ஆபீசர். பல தேர்தல் பார்த்தவர். அந்த வேலையில் எனக்கு மேலே அவர்தான் இருந்திருக்க வேண்டும்.

வாக்குச்சாவடி ஒரு ஸ்கூல் கட்டடம். ரோஸ் பலூன் எல்லாம் கட்டிய பிறகுதான் கவனித்தோம், பெண்கள் டாய்லெட்டுக்குக் கதவு இல்லை. காவலுக்கு வந்த கான்ஸ்டபிள் (எங்கள் குழுவில் அவர் ஒருவர்தான் ஆண்) வெட்கத்தோடு ஒரு தார்ப்பாயைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். புடவை, பலூன், பந்தல் என்று யோசித்தவர்கள் யாருக்கும் கதவு ஞாபகம் வரவில்லை.

விடியற்காலையிலேயே வரிசை. நான் ரோஸ் புடவையில், காலி வயிற்றில், ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வாசலுக்கு யார் வந்தாலும் என்னைப் பார்த்துதான் தலையாட்டினார்கள். அது ஒரு போதை. பத்து மணிக்கெல்லாம் கான்ஸ்டபிளை நேராக நிற்கச் சொல்லும் அளவுக்கு ஏறிவிட்டது.

அந்த நேரத்தில்தான் வேலாயுதம் வந்தார். படகு வந்து நிற்கிற ஜெட்டி பக்கம் கடை, சொந்தமாக ஒரு படகு, அந்தத் தீவில் பெரிய ஆள். தூத்துக்குடி பக்கத்துக் குடும்பம். பின்னால் அவர் மனைவி பாக்கியம், என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார், தலை குனிந்தபடி. தன் ஓட்டைப் போட்டுவிட்டு வேலாயுதம் என் மேஜைக்கு வந்தார். மனைவிக்குக் கண் தெரியாதாம், தானே கூடப் போய்ப் பட்டனை அமுக்கிவிடுகிறாராம். கண் தெரியாதவருக்கு ஒரு துணை உள்ளே போகலாம் என்று சட்டம் இருக்கிறது. உண்மையாகவே தெரியவில்லையா என்று பார்க்க வேண்டியது பிரிசைடிங் ஆபீசர்.

“எப்பவும் இப்படித்தான் மேடம், போன எலெக்‌ஷன்லயும் நான்தான் போட்டேன்” என்றார். “நம்ம ஆளுதானே நீங்க. எதுக்கு வீணா தக்லீஃப்?”

மித்தாலி தீதி என் முழங்கையை மெதுவாகத் தொட்டார். அந்த அம்மாவைத் தனியாக உள்ளே கூப்பிட்டுப் பேசலாம் என்று தாழ்ந்த குரலில் ஹிந்தியில் சொன்னார். நான் கேட்கவில்லை. வரிசை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் நான் பிறந்தேன் என்று தோன்றியது.

எழுந்து நின்றேன். ஐந்தாம் வகுப்பை அதட்டும் குரலில், “அக்கா, நான் என்ன கலர் புடவை கட்டியிருக்கேன்?” என்று கேட்டேன்.

பாக்கியம் நிமிர்ந்து பார்த்தார். புருஷனைப் பார்த்தார். பிறகு, ரொம்ப மெதுவாக, “ரோஸ்” என்றார்.

வரிசையில் சிரிப்பு. நான் அதோடு விட்டேனா? ஓட்டு என்பது ஒவ்வொரு பெண்ணின் தனி உரிமை, கணவனானாலும் அதில் கை வைக்க முடியாது என்று ஆரம்பித்து, பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பழைய கட்டுரையிலிருந்து இரண்டு பத்தி சேர்த்துச் சொன்னேன். தமிழ் தெரியாதவர்களுக்காக ஹிந்தியில் மறுபடி. நடுவில் வெயிலுக்கு ஒரு பலூன் வெடித்தது. கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். அப்போதும் நான் நிறுத்தவில்லை. வேலாயுதம் வெளியே போனார். பாக்கியம் தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்து, தீவு தீவாகச் சுற்றி வரும் மேற்பார்வை அதிகாரி படகிலிருந்து இறங்கி வந்தார். நடந்ததை நானே அவரிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பாக்கியத்தைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பூச்சட்டத்துக்குப் பின்னால் நிறுத்தி, மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டச் சொல்லி, பக்கத்தில் நான் பல் எல்லாம் தெரியச் சிரிக்க, போட்டோ எடுத்தார்கள். பெண் சக்தி என்று தலைப்புப் போட்டு, புருஷன் கண் தெரியாது என்று சொன்னதையும் கீழே எழுதி, ஜெட்டியில் சிக்னல் கிடைத்ததும் எல்லா வாட்ஸப் குரூப்புக்கும் அனுப்பிவிட்டு அவர் அடுத்த தீவுக்குக் கிளம்பிவிட்டார்.

பூச்சட்டத்தை விட்டு விலகும்போது பாக்கியம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

“இடது கண்ணு தெரியாது டீச்சர். அது அவிய கை பட்டதுதான். வலது கண்ணு தெரியும்.” பிறகு, “இனி வீட்டுல என்ன சொல்லட்டும்? நீங்க வந்து சொல்லுவியளா?” என்றார்.

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.

பாக்கியம் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூல் வராண்டாவில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். மேலே பலூன்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஜெட்டியில் வேலாயுதத்தின் சிநேகிதர்கள் போனில் அந்தப் போட்டோவைக் காட்டி அவரைக் கேலி செய்தார்கள் என்று ஓட்டுப்போட வந்த ஒருத்தி மத்தியானம் வந்து சொன்னாள். அதன் பிறகு அவரே வந்தார். கட்சிக்காரர்கள் தாண்டக் கூடாது என்று சுண்ணாம்பில் போட்டிருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பாதாம் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கத்தவில்லை, திட்டவில்லை, உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். கான்ஸ்டபிளிடம் சொன்னேன். கோட்டுக்கு வெளியே நிற்கிறவரை நான் என்ன மேடம் செய்ய முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நான் ராணி.

மித்தாலி தீதி தன் சாப்பாட்டில் பாதியைப் பாக்கியத்துக்குக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காலையிலேயே செய்ய நினைத்தது அதைத்தான்.

எங்கள் ஊரில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். வாக்குப்பதிவு முடிந்து மெஷினுக்குச் சீல் வைக்கும்போது வெளிச்சம் மங்க ஆரம்பித்துவிட்டது. எங்களைக் கூட்டிப்போக மேற்பார்வை அதிகாரி படகோடு வந்தார். இந்த அம்மாவையும் லாங் ஐலண்ட் வரை ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. காலையில் போட்டோ எடுத்த அதே மனிதர் முகத்தைச் சுளித்தார். மெஷின் இருக்கிற படகில் பப்ளிக் யாரையும் ஏற்ற முடியாது, டீச்சருக்குத் தெரியாதா என்றார். தெரியும். மனப்பாடம்.

பாக்கியம் எழுந்து புடவையை உதறிக்கொண்டார். “வாரேன் டீச்சர்” என்று மட்டும் சொன்னார். வேலாயுதம் ரொம்ப மரியாதையாக எனக்கு வணக்கம் வைத்தார். “நல்லபடியா நடத்திட்டீங்க மேடம்” என்றார். பிறகு அவர் முன்னால் நடக்க, பாக்கியம் பின்னால் நடந்தார். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கான்ஸ்டபிளிடம் சொல்லத் திரும்பினேன். அவர் மெஷினோடு படகில் ஏறி உட்கார்ந்திருந்தார். அந்தத் தீவில் அதற்குப் பிறகு போலீஸ் என்று யாரும் இல்லை.

திரும்பும் வழியில் வாந்தி எடுக்க என் வயிற்றில் ஒன்றுமில்லை. மித்தாலி தீதி திடீரென்று கேட்டார், இவ்வளவு பேசினாயே, இதுவரைக்கும் நீ யாருக்கு ஓட்டுப் போட்டிருக்கிறாய், யாரைக் கேட்டுப் போட்டாய் என்று. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா சொன்ன சின்னம். அப்புறம் என் வீட்டுக்காரர் சொன்ன சின்னம். யாரும் என் கையைப் பிடித்து அமுக்கவில்லை. அதற்கு அவசியமே ஏற்படவில்லை. இதை ஹிந்தியில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தீதி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஊரில் எனக்கு ஏக வரவேற்பு. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பள்ளிக்கூட ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். ஸ்டாஃப் ரூமில் கேக் வெட்டினார்கள். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். தீவுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். அந்த வீட்டுப் போனை வேலாயுதமே எடுப்பார், நலமாக இருக்கிறாள் மேடம் என்பார்.

மழை ஆரம்பித்த சமயத்தில் மித்தாலி தீதி கூப்பிட்டார். பாக்கியத்தைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள், வலது கை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, ஜெட்டிப் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்கள் என்றார். ஓடினேன். கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்ததும் என்னால்தான், என்னால்தான் என்று நான் அழ ஆரம்பிக்க, வார்டே திரும்பிப் பார்த்தது. அடிபட்டவர் அடிபடாதவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிட்டது.

“நீங்க அன்னைக்குக் கேக்காட்டியும் அடிச்சிருப்பாவ” என்றார் பாக்கியம். “வேற எதுக்காவது. நீங்க அழாதிய.”

ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. போலீஸில் சொல்லலாம் என்று இரண்டு தடவை சொன்னோம். வேண்டாம் என்றார், இரண்டு தடவையும். ஆனால் தீவுக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்றும் சொன்னார். அதை மட்டும் யார் சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. போர்ட் பிளேர் பக்கம் வண்டூரில் இருந்த அவர் தங்கை வந்து கூட்டிப்போனாள். கை நேராகவில்லை, கொஞ்சம் கோணிக்கொண்டுதான் சேர்ந்தது. அந்தக் கையோடுதான் இப்போது வண்டூர் பீச்சுக்குப் போகிற வழியில் டூரிஸ்டுகளுக்கு இட்லியும் மீன் குழம்பும் விற்கிறார். வேலாயுதம் இன்னும் அந்தத் தீவில் பெரிய ஆள்தான். பஞ்சாயத்துத் தேர்தலில் அவர் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் தன் தம்பி மனைவியை நிறுத்தி ஜெயிக்க வைத்தார் என்று கேள்வி. பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு வேலாயுதம்தான் போகிறாராம்.

அடுத்த தேர்தல் வந்தபோது பாக்கியத்துக்கு வண்டூரில் ஓட்டு இருந்தது. துணைக்கு என்னைக் கூப்பிட்டார். (வாசல் வரைக்கும்தான். எனக்குச் சட்டம் தெரியும்.) உள்ளே போனவர் வரவில்லை. வரிசையில் முணுமுணுப்பு. உள்ளே இருந்த ஆபீசர் ஆயிற்றா அம்மா என்று இரண்டு தடவை கேட்டார். கடைசியில் பாக்கியம் ஆடி அசைந்து வெளியே வந்தார். மெஷினில் ஏதாவது கோளாறா என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர், பட்டனை அப்பவே அமுக்கிட்டேன். அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால யாரும் வரமாட்டாவல்லா. கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு வந்தேன்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் பெண் அன்றைக்கே பிடித்துக்கொண்டாள். பரீட்சை சரியாக எழுதாத நாளிலும், சிநேகிதியோடு சண்டை போட்ட நாளிலும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். என்னடி பண்ணுகிறாய் என்றால், “ஓட்டுப் போட்டுட்டு இருக்கேன்” என்று உள்ளே இருந்து பதில் வரும். இப்போது எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் பழகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் என் வீட்டுக்காரரே இந்தக் கதையை நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்கிறார். பலூன் வெடிக்கிற இடம்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும், ஆஸ்பத்திரி வருகிற வரைக்கும் அவர் போவதில்லை.

எப்போதாவது நானும் கதவைச் சாத்திக்கொள்வதுண்டு. அவர் வந்து தட்டுவார். ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பேன். முன்பெல்லாம் யாருக்கு என்று கேட்பார். இப்போது கேட்காமல் திரும்பிப் போய்விடுகிறார்.