மருந்துக்கடைக்காரரின் பசி

"நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று மூன்றாம் நாளும் மனைவி கேட்டபோதுதான் மருந்துக்கடைக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. பதினெட்டு வருடக் குடித்தனத்தில் கேட்காத கேள்வி!

போதாக்குறைக்கு அவள் கைப்பையில் ஒரு நோட்டு. நைசாகத் திறந்து பார்த்தார். 'திங்கள்: தூக்கமில்லை. செவ்வாய்: நகம் கடித்தார். புதன்: சாப்பாடு இறங்கவில்லை.' எல்லாம் அவரைப் பற்றித்தான்.

சாப்பாடு எப்படி இறங்கும்? மாதக் கடைசிக்குள் கடையை விலைக்கு வாங்கு, இல்லையென்றால் காலி செய் என்று கட்டடக்காரர் கெடு வைத்திருந்தார். அதற்காகச் சேர்த்ததைப் பங்குச் சந்தையில் போட்டுப் பாதியைத் தொலைத்துவிட்டார் இவர். விலை ஏறினால் குஷியில் வாங்குவார்; இறங்கினால் குலைநடுங்கி விற்பார். மனைவிக்கு எதுவும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார். "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது. துணிச்சல் வேணும்" என்று கல்யாணமான புதிதிலேயே அவள் வாயை அடைத்தவராயிற்றே!

அன்று சமையலறையில் அவள் போனில் கிசுகிசுத்தாள். "இன்னிக்கும் ஒரு வாய்கூட இறங்கலை. இதான் நேரம், விட்டுடாதீங்க."

மருந்துக்கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. எந்த மாத்திரை என்ன செய்யும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். போன வருடம் தன் பேரில் ஆயுள் இன்ஷூரன்ஸ் வேறு எடுத்துத் தொலைத்திருந்தார்.

சரி, கல்லுக்குண்டு மாதிரி இருப்பதாகக் காட்டிவிடலாம். மறுநாள் காலை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குளித்துவிட்டு விசிலும் அடித்தார்.

அவள் முகம் வெளிறியது. போனுக்கு ஓடினாள். "விசில் அடிக்கிறாருங்க! உடனே எல்லாத்தையும் முடிச்சுடுங்க. நானே நேர்ல வரேன்!"

அடிப்பாவி! அதே பஸ்ஸில் ஏறி, பின் இருக்கையில் பதுங்கியபடி பின்தொடர்ந்தார். அவள் போய் நின்றது அவருடைய பங்குத் தரகர் ஆபீஸ் வாசலில்.

"யாருடி கூட்டாளி? என்னை என்ன பண்றதா உத்தேசம்?" என்று மறித்தார்.

"உங்களை யாரு என்ன பண்ணாங்க? நீங்க சாப்பிடலைன்னா விலை அடிமட்டம்னு அர்த்தம், அன்னிக்கு வாங்குவேன். விசில் அடிச்சா விலை உச்சம், வித்துடுவேன். நான் டியூஷன் எடுத்த காசுல ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆச்சு. இப்பதான் போன்லயே எல்லாத்தையும் விக்கச் சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கினா கடை நமக்கு."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னிக்கு அடிச்சது சும்மாடி. நடிப்பு" என்று முனகினார்.

கதவருகே நின்ற காவலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க! உங்க விசிலை நம்பி ஆபீஸ்ல அத்தனை பேரும் வித்துட்டோமே!"