பார்லர் அக்கா வளர்த்த கடல்

சங்கரன்கோவிலில் கடலுக்குச் சொந்தக்காரர் ஒரே ஒருவர்தான். எங்கள் தெரு பார்லர் அக்கா. எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கரிசல் காடே வருகிற ஊரில், ஃபேஷியல் நாற்காலிக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவே மூன்றடி நீளத்துக்குக் கடல் வைத்திருந்தவர் அவர். உப்பு அசல், அலை அசல், மீன் அசல், பவளம் அசல். சுண்டல் விற்கிறவர் ஒருவர்தான் குறை.

அவருடைய பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. "பார்லர் அக்கா, சங்கரன்கோவில்" என்று மட்டும் எழுதி வந்த பெட்டியைக் கூரியர்காரர் வழி கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்தது திருவேங்கடம் பக்கத்து மானாவாரி ஊர். வாக்கப்பட்டது விசைத்தறி அண்ணாச்சிக்கு. வீட்டின் பின்பக்கம் அண்ணாச்சியின் தறிகள், முன்பக்கம் அக்காவின் பார்லர். பின்னால் தறி ஓடினால் முன்னால் பவுடர் டப்பாக்கள் தானாக இடம் மாறும்.

மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அங்கே ஒரு பெரிய கடையில் பவளத் தொட்டியைப் பார்த்து அக்கா நின்றுவிட்டார். குடும்பமே சாப்பிட்டு, தாம்பூலப் பையும் வாங்கி, அக்காவைக் காணோமென்று தேடித் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில்தான் நின்றாராம். பார்லரில் டிவி வைக்க வேண்டும் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

நான் அப்போது வேதியியல் பட்டம் முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டு, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தேன். முடியின் நுனி வெட்டலாம் என்று ஒருநாள் உள்ளே போனால் ஒரு கண்ணாடித் தொட்டி. நிறையத் தண்ணீர். மேலே நீல விளக்கு. உள்ளே ஒன்றுமே இல்லை.

"மீன் எங்கக்கா?"

"வரும், வரும். மொதல்ல பூச்சி வளரணும்."

"பூச்சியா?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிட்டி. மீன் கழிக்கத அதுதான் திங்கும். அது இல்லாம மீனை விட்டா மறுநாளே மெதக்கும். பி.எஸ்சி. படிச்சிருக்க, இதுகூடத் தெரியாதா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய் அம்மோனியா முதல் நைட்ரேட் வரை எல்லாவற்றையும் படித்துவிட்டு, மறுநாள் சோதனைக் குப்பிகளோடு வந்து நின்றேன். அன்றிலிருந்து பார்லரில் எனக்குத் தனி ஸ்டூல். அக்கா ஒருவருக்குத் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது நான் கடலுக்கு ரத்தப் பரிசோதனை செய்வேன்.

தெரு சும்மா இருக்குமா? "பார்லர்ல கிருமி வளக்காங்களாம்" என்று கிளம்பிவிட்டது. முகம் கழுவுகிற தண்ணீரும் அதுதானா என்று ஒரு டீச்சரம்மா கேட்டே விட்டார். "கரிசக்காட்டுக்காரிக்கு எதுக்குக் கடலு?" என்று சிரித்தவர்கள் உண்டு.

அண்ணாச்சிக்கு வேறு சந்தேகம். கடலுப்பு என்று தனியாக வாளியில் வரவழைக்கிறோமே, ஏன்?

"ஏளா, தூத்துக்குடி உப்பு மூட மூடயா நம்ம பஜார்ல கெடக்கு. அதுவும் கடல்ல இருந்துதான வருது? அள்ளிப் போட்டாக் கடலு."

"அது கொழம்புக்கு. இதுல கால்சியம், மக்னீசியம்னு நெறயா சேந்திருக்கு. பவளத்துக்கு அதெல்லாம் வேணும்."

"அப்பம் ராமேஸ்வரம் போய் நாலு பவளக் கல்லையும் பேத்துட்டு வந்துரட்டா?"

"பேத்தா உள்ள தூக்கி வச்சிருவான். கடல்ல உள்ளது கடல்லயே கெடக்கட்டும். நான் பண்ணையில வளத்த துண்டுதான் வாங்குவேன்."

அப்படி வந்த துண்டுதான் 'பாப் கட்டிங்'. பச்சை நிறத்தில் புசுபுசுவென்று அலையில் ஆடுகிற ஒரு மென்பவளம். முடி வெட்டுகிறவர் வேறு என்ன பெயர் வைப்பார்?

வெயில் காலம் வந்தது. தொட்டித் தண்ணீர் ஆவியாகப் போகும். உப்பு மட்டும் உள்ளேயே தங்கிக் கரிப்பு ஏறும். வற்றின அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை நான் அடர்த்தி, செறிவு என்று விளக்கி முடிப்பதற்குள், அக்கா வாடிக்கையாளர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "ரசம் சுண்டிப் போனா மறுபடி உப்பையா போடுவ? வெந்நி ஊத்துவேல்லா, அதான்." தண்ணீர் சூடாகக் கூடாது என்பதற்காக இருந்த ஒரே மின்விசிறியையும் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டார். காற்று வேண்டும் என்றவர்களைத் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். நின்றார்கள்.

மீன் வந்த நாளை மறக்க முடியாது. தெர்மாகோல் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை, பைக்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்க வேண்டும். நாற்காலியில் முல்தானி மட்டி பூசிக் கண்ணை மூடியிருந்த அம்மாளை அக்கா சுத்தமாக மறந்துவிட்டார். அந்த அம்மாளின் முகம் காய்ந்து, இறுகி, வெடித்து, மழை பார்க்காத கரிசல் நிலம் மாதிரி ஆன பிறகுதான், அசையாத உதட்டின் வழியே "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

"இருங்க மதினி, பொண்ணு மாப்பிள்ளையைக் குடி வச்சுட்டு வாரேன்" என்றார் அக்கா.

பொண்ணு, மாப்பிள்ளை என்பதே அவற்றின் பெயராகிவிட்டது. இரண்டில் பெரியதுதான் பெண், வீட்டு அதிகாரம் அதற்குத்தான் என்று நான் சொன்னதும் அக்காவுக்கு ஒரே குஷி. "கேட்டியளா?" என்று தறிப் பக்கம் பார்த்துக் கத்தினார். "இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமாக்கும்" என்று தறிச் சத்தத்துக்கு மேலே பதில் வந்தது.

அந்த ஆவணியில்தான் பொண்ணின் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி கண்டது. பொடி உப்பு தூவினாற்போல். தின்னவில்லை. மூலையில் நின்று வேகவேகமாக மூச்சு வாங்கியது.

ஒட்டுண்ணி என்றேன். அதைக் கொல்கிற மருந்து பவளத்தையும் கொல்லும். அதனால் மீன்களை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் வைத்துத்தான் வைத்தியம். பெரிய தொட்டி சில வாரம் மீனில்லாமல் கிடந்தால் அங்கே இருக்கிற ஒட்டுண்ணியும் பட்டினியில் சாகும்.

அக்கா கேட்கவே இல்லை. "வெளிய எடுத்தா பயந்தே செத்துருவாட்டி. என் கையாலயே அதைச் செய்யணுமா?"

"எடுக்காட்டி கண்டிப்பாச் செத்துரும்க்கா."

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது போச்சுன்னா தொட்டியை வித்துருவேன். கரிசக்காட்டுக்காரிக்கு எதுக்குக் கடலுன்னு சிரிச்சாள்வல்லா? அவளுவ சொன்னது சரின்னு ஆயிரும்."

சோதனைக் குப்பிகளைத் துடைத்து அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை போனேன். நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண், சாயங்கால வரவேற்புக்கு ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் மை போட்டு உட்கார்ந்திருந்தாள். மை டப்பாவோடு அக்கா உறைந்து நின்றார். தொட்டியில் கடல் இல்லை. சுக்குக் காப்பி இருந்தது.

பக்கத்தில் அண்ணாச்சி. விரலெல்லாம் செம்மண் நிறம். கையில் காலியான காகிதப் பொட்டலம்.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் முதலில் பூசுவது கோவில் புற்று மண். படை, சொறி, கொப்புளம் எதுவானாலும் அதற்குப் பிறகுதான் டாக்டர். மீன் தோலில் புள்ளி என்றதும் அண்ணாச்சி காலையிலேயே குளித்துக் கோவிலுக்குப் போய், மண் வாங்கி, மனதார வேண்டிக்கொண்டு, மொத்தத்தையும் தொட்டியில் கரைத்துவிட்டார்.

"என்ன செஞ்சிய?"

"நம்ம ஊரு மருந்துதான..." என்றார் அண்ணாச்சி. "நீ ராத்திரி சோறே திங்கல. பாத்துட்டு இருக்க முடியல."

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. கண்ணை ஒரு தரம் துடைத்துக்கொண்டு, "அந்த வலையை எடுட்டி" என்றார்.

பாதத்துக்கு அழகு செய்ய வாங்கி, டப்பா பிரிக்காமல் வைத்திருந்த ரோஸ் நிறத் தொட்டி வெளியே வந்தது. தண்ணீர் மாற்றுவதற்காக டிரம்மில் கரைத்து வைத்திருந்த நல்ல உப்புத் தண்ணீர் அதற்குத்தான் சரியாக இருந்தது. பொண்ணையும் மாப்பிள்ளையையும் அள்ளி அதில் விட்டோம். காற்றுக் குழாயைப் பிடிக்க ஆள் இல்லை.

"ஏட்டி, நீ பிடி" என்று கல்யாணப் பெண்ணிடம் நீட்டினார் அக்கா.

"அக்கா, எனக்கு இன்னொரு கண்ணு..."

"ஒத்தக் கண்ணு போதும், மீன் மூச்சு விடுதான்னு பாரு."

மருதாணிக் கையால் குழாயைப் பிடித்தபடி அவள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்தது பவளம். பாப் கட்டிங் தன் பச்சையையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, ஊதா நிற அடிப்பாகம் மட்டும் பாய் மாதிரி பாறையில் ஒட்டிக் கிடந்தது. மண் படிந்தால் அதற்கு மூச்சு முட்டும். மாற்றிவிட வேறு உப்புத் தண்ணீரும் இல்லை. இருக்கிற தண்ணீரைத்தான் வடிகட்ட வேண்டும். எதில்?

அண்ணாச்சி தறிப் பக்கம் ஓடினார். தறியிலிருந்து இறக்கிய, நெருக்கமாக நெய்த சேலைத் துணியைத் தோள் நிறையக் கொண்டுவந்தார். வாளிமேல் கட்டப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, கஞ்சி! பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பீங்கல்லா? அது கரைஞ்சா தொட்டி நாறிரும்!"

இத்தனை வருடம் கஞ்சி போட்ட மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். தறியை நிறுத்திவிட்டு, தறிக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து வெந்நீரில் கஞ்சி போக அலசினார்கள். பிறகு நாலாக மடித்துக் கட்டி, பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் வடிக்கிற மாதிரி கடலை வடித்தோம். வாளி வாளியாக. மத்தியானத்துக்குள் சுக்குக் காப்பி தேநீராகி, தேநீர் எலுமிச்சைச் சாறாகி, ஒருவழியாகத் தண்ணீர் ஆனது. அதற்குப் பிறகே கல்யாணப் பெண்ணுக்கு இன்னொரு கண் கிடைத்தது. அன்று மாலை மேடையில் நின்றுகொண்டே அவள் போன் போட்டாள்: "அக்கா, மூச்சு விடுதா?"

விட்டது. ரோஸ் தொட்டியில் மருந்து போட்டு வாரக்கணக்கில் வைத்தியம் நடந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பொண்ணு வாய் திறந்து தின்ன ஆரம்பித்த அன்று அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பாத்தியளா, புற்று மண்ணு கை விடாது."

"மருந்து, அண்ணாச்சி."

"மருந்துக்கு மீனை யாரு வெளிய எடுக்க வச்சா?"

என் மொத்தப் பட்டப்படிப்பையும் புரட்டிப் பார்த்தேன். அவர் மண்ணைக் கொட்டியிருக்காவிட்டால் அக்கா வலையைத் தொட்டிருக்கவே மாட்டார்.

பாப் கட்டிங்தான் ரொம்ப நாள் பிணங்கிக்கொண்டு கிடந்தது. ஒரு ஓரம் திறந்தது. பிறகு கொஞ்சம். பெரிய தொட்டிக்கு மீன்களைத் திருப்பி விடுகிற நாளில் முழுக்கப் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. பொண்ணு முதலில் பாறைக்குப் பின்னால் ஒளிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தது. பிறகு நேராகப் போய் அந்தப் பச்சைக்குள் உடம்பைப் புதைத்துப் படுத்தது. மாப்பிள்ளை பின்னாலேயே.

அக்கா ரோஸ் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துடைத்தார். "வா, உக்காரு. நாளைக்கு இண்டர்வியூன்னியே, புருவத்தை எடுத்துவிடுதேன்" என்றார். நூலைப் பல்லில் கவ்விய பிறகும் அவர் கண் என் புருவத்தில் இல்லை, பச்சைக்குள் படுத்திருந்த பொண்ணின் மேலேயே இருந்தது. தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டேன்.

இடது புருவம் கோணலாகத்தான் போனது. கோணல் புருவத்தோடு போய்த்தான் இந்தச் சென்னை வேலையை வாங்கினேன். இங்கே நான் இருக்கிற தெருவில் மட்டும் நாலைந்து பார்லர்கள். ஊருக்குப் போகும் வரை புருவத்தை வளரவிட்டே வைத்திருக்கிறேன்.