பொதுக்குழுப் புகைப்படக்காரர்

படத்தில் ஜோக்லேகரின் முகத்துக்குக் குறுக்கே மூன்று கறுப்புப் பட்டைகள் ஓடின.

"வரிக்குதிரை மாதிரி இருக்கார்," என்றாள் மனைவி ரமா.

பத்ரிநாத் கேமராவின் திரையை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பட்டைகள் திரையில் இல்லை. படத்தில்தான் இருந்தன. செயலாளர் ஜோக்லேகருக்கு மட்டுமல்ல, கமிட்டியின் ஏழு பேருக்கும் இருந்தன.

"வெளிச்சம் போறலை."

"ட்யூப்லைட் எரிஞ்சுதே."

"ட்யூப்லைட்லாம் ஒரு வெளிச்சமா?"

அது ஒத்திகை. பொதுக்குழுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மராட்டிய ஊரான சாங்வியில் நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட அந்த ஹவுசிங் சொசைட்டி, முதல் தடவையாக ஓர் அதிகாரபூர்வப் புகைப்படக்காரரை நியமித்திருந்தது. நியமனக் கடிதம் லெட்டர்ஹெட்டில் வந்தது. பத்ரிநாத் அதை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

கேமரா மகன் தேஜஸுடையது. கனடா போகும்போது விட்டுப் போனான். தொழில்முறைக்காரர்கள் வைத்திருக்கும் மிர்ரர்லெஸ் கேமரா. உள்ளே கண்ணாடி கிடையாது என்று பத்ரிநாத் எல்லாரிடமும் விளக்குவார். "இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

பொதுக்குழுவில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அஜெண்டாவில் ஆறாவது: மொட்டை மாடி ஒழுகாமல் பூச்சு வேலை. மேல்தளத்தில் அவர் வீடு. மூன்று மழைக்காலமாகப் படுக்கையறையில் மூன்று வாளிகள். கட்டிலை நான்கு முறை நகர்த்தியாகிவிட்டது. இப்போது அது கதவை ஒட்டி நிற்கிறது. இனி நகர்த்தினால் ஹாலுக்குத்தான் வரவேண்டும். மே மாதம் பாதி முடிந்திருந்தது. ஜூனில் மழை.

மூன்று பொதுக்குழுவிலும் அவர் பேசினார். பாதுகாப்புத் துறைத் தணிக்கையில் முப்பத்து மூன்று ஆண்டு இருந்தவர். விதி எண், உபவிதி எண், கடிதத் தேதி எதையும் விடமாட்டார். போன வருடம் ஒரு மணி ஐம்பது நிமிடம் பேசினார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்காலிகளில் ஒன்பது பேர் இருந்தார்கள். தீர்மானம் போடப் போதிய ஆள் இல்லை என்று ஜோக்லேகர் விஷயத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளினார்.

"எல்லாம் ஜோக்லேகரோட சூழ்ச்சி," என்பது பத்ரிநாத்தின் முடிவு. இந்த வருடத்துக்குப் பதினான்கு பக்கம் தயாராக இருந்தது.

"அஞ்சாவது அஜெண்டா வரைக்கும் போட்டோ. ஆறாவது வந்ததும் கேமராவைக் கீழ வச்சுட்டு மைக்கைப் பிடிச்சுடுவேன்."

"பேஷா பண்ணுங்கோ," என்றாள் ரமா. "முதல்ல இந்தப் பட்டைக்கு வழி பாருங்கோ."

கேம்ப் பகுதியில் கேமரா சாமான் கடை வைத்திருந்தவர் அப்துல் காதர். ஆம்பூர்க்காரர். கேமராவை வாங்கிப் பார்த்தார். இரண்டு பொத்தானை அமுக்கினார். திருப்பிக் கொடுத்தார்.

"சைலன்ட் ஷட்டர் ஆன்ல இருந்துச்சு சார். ட்யூப்லைட்டுக்கு அது ஆகாது, பட்டை விழும். ஆஃப் பண்ணிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒரு எக்ஸ்ட்ரா பேட்டரி வாங்கிக்கங்க. இந்த மாதிரி கேமரா பேட்டரிய மளமளன்னு குடிக்கும். ஒரு நல்ல மெமரி கார்டு. வேற எதுவும் வேணாம்."

இரண்டு பஸ் மாறி வந்திருந்தார் பத்ரிநாத். சட்டைப் பையில் அடங்கும் இரண்டு சாமானோடு திரும்புவதற்கு மனம் வரவில்லை. தவிர, தணிக்கையில் எளிய விடையை அவர் ஒருபோதும் நம்பியதில்லை.

"ஃப்ளாஷ்?"

"ஹால் எவ்வளவு பெருசு சார்?"

"அறுபது பேர் உட்காருவா."

"அறுபது பேர் கண்ணுல அடிச்சா கோவிச்சுக்குவாங்களே."

"காட்டுங்கோ பாய்."

அப்துல் காதர் காட்டினார்.

வீட்டுக்கு வந்து ரமாவை நிற்கவைத்து எடுத்தார். ரமா படத்தைப் பார்த்தாள்.

"செயின் பறிச்சுட்டு மாட்டிண்டவ மாதிரி இருக்கேன்."

"நேரா அடிக்கறதுல முகம் வெளுத்துடறது."

"ஜோக்லேகருக்குத் தலைல முடியே இல்லை. இது அங்க பட்டுத் திரும்பினா நம்ம கண்ணுதான் அவியும்."

வெளிச்சத்தைச் சாந்தப்படுத்த ஒரு வெள்ளைக் குடை இருப்பதாகப் பத்ரிநாத் யூட்யூபில் பார்த்திருந்தார். குடை, அதற்கு ஒரு ஸ்டாண்டு, குடையிலிருக்கும் ஃப்ளாஷைக் கேமராவிலிருந்தே தட்டிவிட ஒரு ட்ரிகர். தயங்கித் தயங்கிச் சொன்னார். மிக்ஸி ஜாரை மூன்று தடவை கடையில் திருப்பிக் கொடுத்தவள் ரமா.

"வாங்குங்கோ," என்றாள். "அரைகுறையாப் பண்ணினா அசிங்கம் யாருக்கு?"

பத்ரிநாத் நெகிழ்ந்துபோனார். முப்பத்தைந்து வருடத்தில் தன் திறமையை அவள் இப்படி மதித்ததில்லை.

குடை வந்தது. விரித்தார். பொத்தானை அமுக்கினார். ஃப்ளாஷ் எரியவில்லை. ட்ரிகரின் பேட்டரியை மாற்றினார். எரியவில்லை. ஸ்டாண்டை ஹாலில் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு மறுபடி இரண்டு பஸ் மாறினார்.

"திரும்பவும் சைலன்ட்ல வச்சிருக்கீங்க சார்," என்றார் அப்துல் காதர். "அதுல ஃப்ளாஷ் எரியாது."

"ஜெனரல் பாடி நடக்கறச்சே டிக்கு டிக்குன்னு சத்தம் வரலாமா பாய்?"

"வரலாம் சார்."

பத்ரிநாத் யோசித்தார். "ஒரு கைல ட்ரிகர், ஒரு கைல கேமரா. கை நடுங்கறது. ட்ரைபாட் எடுங்கோ."

"ட்ரிகர் கைல இருக்க வேணாம் சார், கேமரா தலையில மாட்டணும்."

"இருக்கட்டும். ட்ரைபாடும் எடுங்கோ. இதையெல்லாம் வைக்க ஒரு பையும்."

அப்துல் காதர் பெருமூச்சு விட்டார். "நான் வியாபாரி சார். வேணாம் வேணாம்னு சொல்றது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

பையில் பதினோரு அறைகள் இருந்தன. பேட்டரியை ஓர் அறையில் பத்திரமாக வைத்தார் பத்ரிநாத். எந்த அறை என்பதை எழுதிவைக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் ரமாதான் கேட்டாள்.

"குடை ஒண்ணுதானா?"

"ஏன்?"

"ஏ விங் பக்கம் மட்டும் பளிச்சுன்னு இருந்தா பி விங்காரா சும்மா இருப்பாளா? லிஃப்ட் விஷயத்துலயே கொதிச்சுண்டிருக்கா."

இரண்டாவது குடையும் அதற்கொரு ஃப்ளாஷும் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பொதுக்குழு. பத்ரிநாத் எட்டரைக்கே போய்விட்டார். இடப்பக்கம் ஒரு குடை. வலப்பக்கம் ஒரு குடை. நடுவில் ட்ரைபாட். தரை சமமாக இல்லை. ட்ரைபாட் ஒரு பக்கம் சாய்ந்தது. கையில் இருந்த பதினான்கு பக்கத்தை மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்தார். சரியாகப் பொருந்தியது.

ஆட்கள் வந்தார்கள். யாரோ பெரிய மின்விசிறியைப் போட்டார்கள். இடப்பக்கக் குடை புறப்பட்டுப் போய்ப் பொருளாளரின் மடியில் இறங்கியது.

"பங்கா பந்த் கரோ!" என்று கத்தினார் பத்ரிநாத்.

மே மாதம். விசிறியை நிறுத்துவதற்கு அறுபது பேரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஏ விங்கும் பி விங்கும் ஒன்றுசேர்ந்து அவர் அதுவரை பார்த்ததில்லை.

குடையை நிமிர்த்தி, பையைத் தூக்கி ஸ்டாண்டில் பாரமாகத் தொங்கவிட்டார். குடை அடங்கியது.

ஜோக்லேகர் மைக்கைத் தட்டினார். முதல் அஜெண்டா. பத்ரிநாத் பத்துப் படம் எடுத்தார். இரண்டாவது அஜெண்டா பாதியில் இருந்தபோது கேமராவின் திரை இருண்டது.

பேட்டரி.

மாற்றுப் பேட்டரி பையில் இருந்தது. பை ஸ்டாண்டில் இருந்தது. பையை எடுத்தால் குடை போய்விடும். ஒரு கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஜிப்பைத் திறக்கப் பார்த்தார். குடை பொருளாளரை நோக்கிச் சாய்ந்தது. பொருளாளர் நாற்காலியோடு பின்வாங்கினார்.

முன்வரிசையிலிருந்து ரமா எழுந்து வந்தாள்.

"நான் குடையைப் பிடிச்சுக்கறேன். நீங்க நிதானமாத் தேடுங்கோ."

பத்ரிநாத் பையோடு தரையில் உட்கார்ந்தார். முதல் அறையில் கேபிள். இரண்டாவதில் துடைக்கும் துணி. மூன்றாவதில் இன்னொரு துடைக்கும் துணி. தலைக்கு மேலே ஜோக்லேகரின் குரல் போய்க்கொண்டிருந்தது.

"மஞ்ஜூர்?"

"மஞ்ஜூர்!" என்றது சபை.

எதற்கோ ஒப்புதல். நான்காவதில் நியமனக் கடிதம். ஐந்தாவதில் ரமா வைத்த முறுக்கு.

"மஞ்ஜூர்?"

"மஞ்ஜூர்!"

ஒன்பதாவது அறையில் பேட்டரி இருந்தது. போட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார்.

அறுபது பேரும் கையைத் தூக்கியிருந்தார்கள். இரண்டு விங்கும். விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்களும். கடைசி வரிசையில் எப்போதும் தூங்கும் கர்னல் பாபட் உட்பட. இப்படி ஒரு காட்சி இந்த ஹாலில் இனி அமையாது என்று அவருக்குத் தெரிந்தது.

"ஏக் மினிட்! ஏக் மினிட்! ஹாத் நீச்சே மத் கரோ! பீச்சேவாலே, தோடா ஊப்பர்!"

சபை சிரித்தது. யாரும் கையை இறக்கவில்லை; பின்வரிசைக் கைகள் இன்னும் உயர்ந்தன. கர்னல் இரண்டு கையையும் தூக்கினார். ஜோக்லேகர் மைக்கை வைத்துவிட்டுத் தானும் தூக்கினார்.

டிக்.

இரண்டு குடையும் ஒருசேர ஒளிர்ந்தன. பட்டை இல்லை. வெளுப்பு இல்லை. யாரும் கண்ணை மூடவில்லை. வழுக்கைகூட மென்மையாகத்தான் மின்னியது. பத்ரிநாத் திரையைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இதைவிட நல்ல படம் ஒன்றை அவர் எடுத்ததில்லை. வேறு யார் எடுத்தும் பார்த்ததில்லை.

நிமிர்ந்தபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. எல்லாரும் சமோசா மேசையருகே நின்றார்கள். மணி பத்து நாற்பது.

ஓடினார். "ஜோக்லேகர் ஸாப்! சே நம்பர்! ஆறாவது அஜெண்டா!"

"ஹோ கயா, பத்ரி ஸாப்." ஜோக்லேகர் அவர் தோளைத் தட்டினார். "க்யா போட்டோ லியா ஆப்னே! நாஷ்டா கீஜியே." கையில் ஒரு சமோசாவை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஹோ கயா. முடிந்துவிட்டது. போன வருடமும் இதே இரண்டு வார்த்தைதான். அதற்கு முந்தின வருடமும்.

பத்ரிநாத் திரும்பி வந்து ட்ரைபாட் காலடியிலிருந்து பதினான்கு பக்கத்தை உருவினார். முதல் பக்கத்தில் வட்டமாகக் குழி விழுந்திருந்தது. ரமா ஒரு குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"தள்ளிட்டா ரமா. நாலாவது மழை." அவளைப் பார்க்காமல் சொன்னார். "ஊரைக் குத்தம் சொல்லிண்டிருந்தேன். இந்தத் தடவை நான்தான். படம் எடுக்கப் போய் கோட்டை விட்டுட்டேன். கட்டிலை ஹாலுக்கு இழுத்துண்டு வரணும்."

"சமோசா ஆறிப்போறது," என்றாள் ரமா. "டீ கொண்டுவரேன், உட்காருங்கோ."

திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். திட்டாதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சொசைட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஜான்சி நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். பக்கத்துக் கட்கியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண். அங்கே ரமாவைத் தவிர அவரோடு தமிழில் பேசும் ஒரே ஆள்.

"சார், அந்தக் கையத் தூக்கின போட்டோவ எனக்கு அனுப்புங்க. மினிட்ஸோட வைக்கணுமாம்."

"அது எதுக்குத் தூக்கின கை?"

"எடுத்த நீங்களே கேக்குறீங்களே! ஆறாவதுக்குத்தான் சார். மொட்ட மாடி. பாஸ் ஆயிடுச்சு. செவ்வாக்கிழமை ஆளுங்க வேலைக்கு வராங்க."

பத்ரிநாத் உட்கார்ந்தார். படத்தை மறுபடி திறந்தார். ஓரத்தில் ரமா. ஒரு கையில் குடை. இன்னொரு கை மேலே. ஹாலில் தூக்காத கை அவருடையது மட்டும்தான்.

"நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே ஜான்சி."

"ஆமா சார். மூணே நிமிஷம்."

அவர் சமோசாவைக் கடித்தார். மெதுவாக மென்றார். மென்று முடிப்பதற்குள் விஷயம் அவருக்குத் தெளிவாகிவிட்டது.

"போன வாரமே பதினாலு பக்கத்தையும் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். எல்லாரும் படிச்சிருக்கா. அதான்." முதுகை நிமிர்த்தினார். "இதையும் மினிட்ஸ்ல எழுதிக்கோ. இந்த சொசைட்டில ஒருத்தர்கூட மறுக்காம பாஸான முதல் தீர்மானம் இதுதான்."

எழுதப் போன ஜான்சி பேனாவை நிறுத்தினாள்.

"ரெண்டாவது சார். உங்கள போட்டோகிராஃபரா போட்டதுதான் முதல்ல. ரமா ஆண்ட்டி எழுதிக் கொண்டுவந்தாங்க, மிச்ச நாப்பத்தோரு வீடும் அன்னிக்கே கையெழுத்துப் போட்டுச்சு."