தமிழ் போதவில்லை

கரோலின் குரலை மும்பைக்காரர்கள் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தமிழ் போதவில்லையாம்.

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இதைவிட அதிகமாகத் தமிழை எந்தக் கடையில் வாங்கிவருவது என்று அவள் அம்மா டோரதிக்குத் தெரியவில்லை. தி. நகர் டப்பிங் தியேட்டர் ஒன்றில் வசனம் எழுதுகிறவள் டோரதி. தீவில் புதையல் தேடும் ஆறு நண்பர்களைப் பற்றிய ஆங்கிலப் படம் வந்திருந்தது. ஆறில் ஒன்று சந்திரிகா, சொந்த ஊர் தமிழ்நாடு. அதற்கு மகளையே பேசவைத்தாள். கதை கசிந்துவிடுமென்று பயந்து, படத்தை வெளியிடும் மும்பைக் கம்பெனிக்காரர்கள் வசனத்தையும் ஒலியையும் மட்டும்தான் அனுப்பியிருந்தார்கள். படத்தைக் கண்ணில் காட்டவில்லை.

"தமிழ் டப்பிங்ல எல்லாருமே தமிழ்தான் பேசறாங்க மேடம்," என்றார் மும்பை அலுவலகத்துச் சந்திரமௌலி. "அப்புறம் தமிழ்ப் பொண்ணு யாருன்னு எப்படித் தெரியும்? டைவர்சிட்டிதான் இந்தப் படத்துக்கு விளம்பரமே!"

டோரதி சந்திரிகாவைச் செந்தமிழ் பேசவைத்தாள். செய்தி வாசிக்கிறாளா என்று கேட்டார்கள். "இன்னா நைனா, புதையல் எங்க கீது?" என்று மாற்றினாள். குடும்பத்தோடு பார்க்கிற படம் என்று கண்டித்தார்கள். சரி, மற்ற ஐந்து பேரும் தமிழைக் கடித்துத் துப்பட்டும் என்றாள். அதில் குரல் கொடுத்த ஒரு பையனின் அப்பா ஜவஹர், "எம் புள்ளைக்குத் தமிழ் வராதுன்னு ஊருக்கே சொல்லுவீங்களா?" என்று வாசலில் நின்று கத்தினார்.

இதற்குள் கரோலுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"விட்டுடலாமாடா கண்ணு?"

"வேணாம் மம்மி. ஸ்கூல் டிராமால மூணு வருஷமா கழுதை, ஆடு, கழுதை. கறுப்பா இருக்கேன்னு மூஞ்சிய மூடியே மேடைல விடறாங்க. இதுலதான் நான் பொண்ணா வரேன்."

டோரதி மறுபடி மைக்கைப் போட்டாள். கட்டிய தொண்டையோடேயே பேசவைத்து அனுப்பினாள்.

"இதான் மேடம்! இதான் சந்திரிகா!" என்று சந்திரமௌலி துள்ளினார்.

கரோல் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். வகுப்பையே கூட்டிக்கொண்டு போவதற்கு ஜூலியட் மிஸ் நாற்பது டிக்கெட் எடுத்துவிட்டார்.

வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பு, குரலைப் பொருத்திப் பார்ப்பதற்காகப் படம் வந்து சேர்ந்தது. போட்டுப் பார்த்த சவுண்டு இன்ஜினியர் புகழேந்தி, அறைக் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றான். கரோல் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"மத்த அஞ்சு பேரும் பசங்கதான் மேடம்," என்றான் மெதுவாக. "சந்திரிகா யானை."