கேர்ன்ஹில் மண்டபமும் பார்ட்டி மாத்திரையும்

கேர்ன்ஹில்,
செவ்வாய், மார்ச் 14, 2006

அன்புத் தங்கை தெல்மாவுக்கு அக்கா ஆக்னஸ் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். டிமாருவில் நீயும் உன் வீட்டுக்காரரும் பூனையும் சுகமாக இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. நான். முந்தின நாள் இருபத்தொரு வயது முடிந்த என் பேத்தி கிர்ஸ்டன். அவளைக் கட்டப்போகும் ஹேமி, ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன், கதவு அகலம் இருப்பான். அவர்கள் கூட்டாளிகள் பதினாறு பேர். பத்து மணிக்கு வந்து சேர்ந்தவள் மண்டபச் செயலாளர் நோலீன் பிராட், கையில் நோட்டுப் புத்தகத்தோடு.

நோலீனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1961 ஏப்ரல் எட்டு, அதே மண்டபத்தில் உன் கல்யாணம். பதினொன்றரைக்கு மழை பிடித்தது, உன் வலது கையுறை தொலைந்தது, அம்மா பாவ்லோவா கேக் வைத்துக் கொண்டுவந்த நீலக்கரைத் தட்டும் தொலைந்தது. அடியில் பிளாஸ்திரி ஒட்டி அம்மா தன் பேரை எழுதியிருந்த தட்டு. நோலீன் அதை ஏப்ரனில் சுருட்டிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவள் நீ. அன்றிலிருந்து நாற்பத்தைந்து வருஷம் நான் அவளிடம் மழை வெயில் தவிர வேறொன்றும் பேசியதில்லை. அவளும் சமயம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மண்டபத்துக்கு அவள் வைத்த சட்டம் இது: விசேஷம் முடிந்த மறுநாள் பத்து மணிக்குள் மண்டபம் இருந்தபடி இருக்க வேண்டும், ஒரு கோப்பை கழுவாமல் கிடந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு இனி சாவி கிடையாது. சாவி இல்லையென்றால் அடுத்த பிப்ரவரியில் கிர்ஸ்டன் கல்யாணம் எங்கே நடக்கும்? என்னைப் புதைத்துவிட்டு வருகிற ஜனம் எங்கே நின்று டீ குடிக்கும், ஆட்டுப் பட்டியிலா?

சனிக்கிழமை சாயங்காலம், மண்டபத்தில் பிறந்தநாள் விருந்து தொடங்குமுன், கிர்ஸ்டன் கையில் ஒரு டப்பா, விடிய விடியத் தூங்காமல் ஆடவைக்கிற பார்ட்டி மாத்திரையாம்.

"பாட்டி, இது போதை மருந்து இல்ல. சட்டப்படி விக்கிறாங்க. மூலைக்கடையில சூயிங்கம் பக்கத்துலயே வச்சிருக்கான்."

"எலிப்பாஷாணத்தையும்தான் வச்சிருக்கான்."

"கெட்ட சரக்கு விக்கிறவன் வாசல்ல வந்து நிக்கிறதுக்கு இது மேல் இல்லையா?"

அந்தச் சரக்கில் போன வருஷம் பக்கத்துப் பண்ணைப் பையன் பல்லையும் பண்ணையையும் புத்தியையும் இழந்ததைப் பார்த்தவள் நான். ஹேமி சமாதானம் சொல்ல வந்தான்: "மொதல்ல இதை ஆடு மாட்டுக்குப் பூச்சி மருந்தாத்தான் பண்ணாங்களாம் பாட்டி." ஐம்பது வருஷமாக ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஊற்றுகிறேன், ஒரு ஆடும் பார்ட்டிக்குப் போனதில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு, நான் சுட்ட ஸ்கோன் ரொட்டி ஒரு கூடையோடு மண்டபத்துக்குப் போனேன். ஒருத்தரும் தூங்கவில்லை. கண்ணெல்லாம் கோலிக்குண்டு, தாடையெல்லாம் அசை போடுகிறது, தரையில் மிதிபட்ட சாசேஜ் ரோல், திரைச்சீலையில் பீர், ஒருத்தி ஹைட்ரேஞ்சா செடிக்குள் தலையை விட்டு வாந்தி. என் ஸ்கோனை வேண்டாமென்று சொன்ன ஆட்களை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

"படுக்க வேண்டியதுதானே?"

"தூக்கம் வரல பாட்டி. கையும் காலும் சும்மா இருக்க மாட்டேங்குது."

"அப்போ ஆளுக்கொரு துடைப்பத்தை எடு."

செடிக்குள் இருந்தவளுக்குக் கம்பளி போர்த்தி நிழலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்களை நான் வேலையில் இறக்கினேன் தெல்மா, தரையைத் தேய்த்தார்கள், காய்வதற்குள் மறுபடி தேய்த்தார்கள், முந்நூறு கோப்பை கழுவினார்கள், கேட்காமலே கூரைக் குழாயில் இருந்த குருவிக்கூட்டை எடுத்தார்கள், போரில் செத்தவர்கள் பேர் பொறித்த பலகையை ஒருத்தன் எழுத்தெழுத்தாகத் துலக்கினான், போட்ட நாள் முதல் நகராத பியானோவை ஹேமியும் மூன்று பேரும் நகர்த்தினார்கள். அதன் பின்னாலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து "இது என்ன பாட்டி?" என்றான் ஹேமி. "என் கூடையில போடு, அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

பத்து மணிக்கு நோலீன் வந்தாள். கதவு நிலைக்கு மேலே விரலை இழுத்தாள், விரல் வெள்ளையாகவே திரும்பியது. அடுப்புக்குள் தலையை விட்டாள், வெளியே எடுத்தாள்.

"கூலிக்கு ஆள் வச்சியா ஆக்னஸ்?"

"நம்ம பிள்ளைங்கதான். வளர்ப்பு அப்படி."

"ஏன் இப்படிப் பல்லைக் கடிக்குதுங்க?"

"உன்னைப் பார்த்த சந்தோஷம்."

'குறை ஏதும் இல்லை' என்று எழுதினாள். கேர்ன்ஹில்லில் அப்படி எழுதியது இதுவே முதல் தடவை. சாவி நம் குடும்பத்துக்குத்தான். மாத்திரையை நல்லதென்று நான் சொல்லவில்லை. திங்கள் முழுக்கப் பிணமாகக் கிடந்து எழுந்த கிர்ஸ்டன், "தலை ரெண்டா பொளக்குது, இனிமே பீரே போதும்" என்கிறாள். ஆனாலும் நோலீன் பிராட் தோற்றாள், அதை நான் உயிரோடு இருந்து பார்த்தேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு, பூனைக்கு ஒரு தடவல், உனக்கு அம்மா இருந்தால் தரக்கூடிய ஆசி அத்தனையும்.

உன் அக்கா,
ஆக்னஸ்

பி.கு. தபால்தலை ஒட்டிய பிறகுதான் அந்த மூட்டையைப் பிரித்தேன். மறுபடி எழுத எனக்குக் கை வராது, அதனால் மேலே உள்ளது அப்படியே வருகிறது. உள்ளே அம்மாவின் நீலக்கரைத் தட்டு, மூன்று துண்டாக. பிளாஸ்திரியில் அம்மா கையெழுத்து அப்படியே இருக்கிறது. துண்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கையுறை, வலது கை, விரல் நுனியெல்லாம் காய்ந்த பாவ்லோவா கிரீம். ஸ்கோனை எடுத்துக்கொண்டு நோலீன் வீட்டுக்கு நடந்தே போனேன். "நீதான் ஒடச்சேன்னு இத்தன வருஷமா நெனச்சிருந்தேன். கண்ணால பார்த்ததா தெல்மாதான் சொன்னா" என்றாள். இரண்டு பேரும் டீ குடித்தோம். மேலே எழுதின அன்பு, தடவல், ஆசி எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், பூனை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். நோலீனை மன்னித்துவிட்டேன். மூலைக்கடைக்காரனையும் மன்னித்துவிட்டேன். மன்னிக்காதவள் ஒருத்திதான், பேரையும் எழுதிவிடுகிறேன்: தெல்மா ஐவி மக்ரே.