காய்ந்த காட்டைக் கூட்டிப் பெருக்கியவர்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்துக் கஷ்டமே படாத ஒரே விவசாயி சௌக்கியத்தார்தான். கேட்டால் அவரே அப்படித்தான் சொல்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. எதைக் கேட்டாலும் "சௌக்கியமுங்க" என்பதால் மல்லசமுத்திரம் வட்டாரத்துக்கே அவர் சௌக்கியத்தார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி, போர் போடும் ரிக் வண்டி என்று ஊர் சுற்றியவன். ரிக்கில் இரண்டு விரல் நசுங்கியபின் அவர் தோட்டத்து மோட்டார் ரூமில் தங்கி, கிடைத்த வேலையைச் செய்தேன். ஒருநாள் கிணற்றுக்குள் சத்தம். எட்டிப் பார்த்தால், மனிதர் பாதி ஆழத்தில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்குகிறார்.

"ஏனுங்க, உழுந்துட்டீங்களா?"

"தண்ணி கெடக்குதான்னு பாக்க வந்தேன் சாமி. சௌக்கியமுங்க. கவுறு இருந்தா எடுத்துட்டு வா, அவசரமில்ல."

கிணற்றில் தண்ணீர் இல்லை. அந்த வருஷம் மழையும் இல்லை. மக்காச்சோளம் கதிர் பிடிக்காமல் நின்ற நிலையில் காய்ந்தது. அரசாங்கம் வறட்சி நிவாரணம் அறிவித்தது. வி.ஏ.ஓ. அம்மா வந்து, காய்ந்த பயிரோடு விவசாயியை நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார். பிறகு பேங்கில் பணம் ஏறும். அது வந்தால்தான் அடுத்த போகத்துக்கு விதை. வராவிட்டால் சோளம் போட்ட காடு தரிசு. சௌக்கியத்தாரும் அவர் சம்சாரமும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

வி.ஏ.ஓ. வருகிற அன்று எடப்பாடி போய்விட்டுத் திரும்பினேன். காட்டில் காய்ந்த சோளத்தட்டு ஒன்றுகூட இல்லை. விடிந்ததுமே டிராக்டரை வரவழைத்து, ரொட்டவேட்டர் ஓட்டி, வரப்புப் புல்லைக்கூடச் செதுக்கி, காட்டைக் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆக்கியிருந்தார். வெள்ளைச் சட்டை வேறு.

"ஒரு ஆபீசரு காட்டுக்கு வாராங்க. அந்தக் கண்றாவியவா காட்டறது?" என்றார்.

அவர் சம்சாரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "கண்றாவியப் பாக்கத்தான் வாராங்க. அதுக்குத்தான் காசே. டிராக்டரு வந்தப்ப உங்களயும் சேத்து உழுதிருக்கோணும்."

வி.ஏ.ஓ. அம்மா வந்து நாலாபக்கமும் பார்த்தார். "பயிர் எங்கங்கய்யா?"

"அதெல்லாம் சௌக்கியமுங்க அம்மணி. மோரு சாப்பிடுங்க."

நல்ல அம்மா. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "பக்கத்துக் காட்டுக்காரங்க சாட்சி சொல்லட்டும். நீங்களும் காஞ்சு போச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. வீடியோ எடுத்து அனுப்பிப் பாக்கறேன்" என்றார். நிவாரணம் வந்துவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது வந்த விதம்தான் இன்னமும் என்னைக் கூச வைக்கிறது.

அம்மா போனை நீட்டியதும் சௌக்கியத்தார் ஆரம்பித்தார். "கொஞ்சம் வெயிலு சாஸ்திங்க. மத்தபடி..."

"மத்தபடி வேண்டாங்கய்யா."

மறுபடி போனைத் தூக்கினார். இவர் துண்டை எடுத்து முகத்தை மூடினார்.

"மொகம் தெரியணுங்க."

துண்டு இறங்கியது. வரப்பில் வேடிக்கை பார்க்க நின்ற எங்களைப் பார்த்தார். எத்தனையோ ஊரில் கை நீட்டிச் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன், ஒருநாளும் உறைத்ததில்லை. அன்றைக்கு எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர்தான் முதலில் மெதுவாகத் திரும்பி நின்றார். அப்புறம் அவர் தம்பி. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் முதுகைக் காட்டினோம்.

"காஞ்சு போச்சுங்க. பூராவும்." எனக்குப் பின்னால் குரல் கேட்டது.

எதிரே தூரத்தில் தெரிந்த திருச்செங்கோட்டு மலையை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.